ஏரியில் கன உலோக மாசு: தண்ணீரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். காரீயம், காட்மியம் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வருகிறது. உடனே ஏரி சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. ஏரிக்குள் வரும் கன உலோகங்களில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து நிற்பதில்லை. களிமண் துகள், இரும்பு ஆக்சைடு, மக்கிய இலைதழை என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மேலே லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடக் காட்டாத காட்மியம், கீழே ஒரு கிலோ சேற்றில் பல மில்லிகிராம் இருக்கலாம். சில ஆயிரம் மடங்கு வித்தியாசம் அது.

சரி, சேற்றையும் எடுத்துவிடலாம் என்று இறங்குபவர்கள் அடுத்த தவறைச் செய்வது கரையோரத்தில். கால் நனையும் இடத்தில் எடுத்த மாதிரியில் மணல்தான் அதிகம் இருக்கும். மணல் உலோகத்தை அவ்வளவாகப் பிடித்துவைக்காது. 63 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள்தான் பிடிக்கும். மணலான ஏரியையும் களியான ஏரியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், களி ஏரிதான் எப்போதும் குற்றவாளியாகும். ஒன்று நுண்துகளை மட்டும் சலித்து அளக்க வேண்டும், அல்லது களிமண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அலுமினிய அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

தண்ணீர் மாதிரியிலும் ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுக்கும். கரைந்த உலோகத்தை அளக்க வேண்டுமென்றால் முதலில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, அப்புறம்தான் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால், துகளில் ஒட்டியிருந்த உலோகத்தையும் அமிலம் பிரித்துத் தண்ணீரில் விட்டுவிடும். பிறகு வரும் எண்ணை எந்த ஏரியின் கணக்கிலும் சேர்க்க முடியாது.

அடுத்தது, எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம் என்பது. குடிநீர் வரம்பு மனிதனுக்காக வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆனால் கால்சியம், மக்னீசியம் குறைந்த மென்னீர் ஏரியில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே நீர்த்தெள்ளு என்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்களையும் மீன்குஞ்சுகளையும் கொல்லப் போதும். அதே செம்பு கடினநீரில் அவ்வளவு ஆபத்தில்லை. ஆகவே கடினத்தன்மை குறிப்பிடாத அறிக்கை என்றால் நான் பாதி அறிக்கை என்றே எடுத்துக்கொள்வேன்.

சேற்றுக்குத் தனி அளவுகோல்கள் உண்டு. 2000-ல் வெளியான, பரவலாகப் பயன்படும் ஒன்றில் காரீயத்துக்குக் கிலோவுக்கு 35.8 மில்லிகிராமுக்குக் கீழே சேற்றில் வாழும் உயிர்களுக்குப் பாதிப்பு அரிது, 128-க்கு மேலே பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இடையில் விழும் எண்ணை வைத்து எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய முடியாது. தாதுவளம் உள்ள பாறைப் பகுதியில் இயற்கையான அளவே அதிகம் இருக்கும். அதனால் உலக சராசரியை அப்படியே எடுக்காமல், அதே ஏரியின் ஆழமான, தொழிற்சாலைகளுக்கு முந்தைய சேற்று அடுக்கை அளந்து ஒப்பிடுவது நல்லது.

மொத்த அளவு மட்டும் போதாது, உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், மூன்று இணைதிறன் குரோமியத்தைவிடப் பல மடங்கு நச்சு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது உணவுச்சங்கிலியில் மேலே போகப்போகக் கூடி, பெரிய வேட்டை மீன்களின் தசையில் சேர்கிறது. கொழுப்பை நீக்கினாலும் நன்றாக வேகவைத்தாலும் போகாது. தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் அப்படித்தான்: தண்ணீர் ஆவியாகும், காரீயமும் ஆர்சனிக்கும் அதிலேயே தங்கும்.

இனி, தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் காட்மியமும் காரீயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாக இறுகிக் கிடக்கும். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்தச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டினால், காற்று பட்டுச் சல்ஃபைடு சிதைந்து அமிலம் உண்டாகும், உலோகம் கரைந்து மழையோடு ஏரிக்கே திரும்பும். வயலுக்கு எருவாகப் போட்டால் காட்மியம் பயிருக்குள் ஏறும். அதற்காகத் தொடாமல் விட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு ஆக்சைடு கரைந்து, அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக்கை விட்டுவிடும். நியூயார்க் மாநிலத்தின் ஒனன்டாகா ஏரியில் 2012 முதல் 2014 வரை பாதரசச் சேற்றை அள்ளினார்கள். அள்ளியதைத் தனி இடத்தில் அடைத்துவைத்து, அடித்தளத்தின் மேல் சுத்தமான மணல் அடுக்கையும் பரப்பினார்கள். வெறும் தூர்வாரல் அல்ல அது.

இத்தாலியின் ஒர்த்தா ஏரியில் 1926-ல் தொடங்கிய ரேயான் ஆலைக் கழிவு செம்பையும் அமோனியத்தையும் கொட்டி, ஏரியை ஏறக்குறைய உயிரற்றதாக்கியது. கழிவைக் கட்டுப்படுத்திய பிறகு, 1989-90-ல் சுண்ணாம்புக்கல் பொடி தூவி, அமோனியத்தால் தண்ணீரில் உண்டான அமிலத்தைப் போக்கினார்கள். மீன்கள் திரும்பின. செம்பு மட்டும் எங்கேயும் போய்விடவில்லை, சேற்றுக்கு இடம் மாறியது. கழிவு வரும் வாயை அடைக்காமல் இதையெல்லாம் செய்வது வீண் செலவு.

ஆகாயத்தாமரை உலோகத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அது அதிகமாகச் சேர்வது வேரில். இலையை மட்டும் வெட்டினால் பெரும்பகுதி உலோகம் வேரோடு அங்கேயே நிற்கும். செடி அழுகினால் மறுபடி சேற்றுக்கே போகும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கியதை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போடக் கூடாது.