சிமெட்டிடின் கேட்டு வருகிறவர்களுக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை புற்றுநோய்க்கும் உதவும் என்று சொல்லும் காணொளியோடு கைப்பேசியை நீட்டி, “அக்கா, சிமெட்டிடின் இருக்கிறதா?” என்கிறார்கள். உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் மறுவேலை.

சிமெட்டிடின் தடுப்பது ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளின் வேலையை. ஹிஸ்டமினைத் தும்மல், அரிப்போடு நிறுத்தாதீர்கள். அதைச் சேமித்துவைக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் குடல் சுவரிலும் இருக்கின்றன. செல்களின் மேல் ஹிஸ்டமினைப் பிடித்துக்கொள்ளும் இடங்களே ஏற்பிகள். எச்2 என்ற ஏற்பியில் ஹிஸ்டமின் ஒட்டினால் இரைப்பையில் அமிலம் சுரக்கும். நோயை எதிர்க்கும் டி செல்களில் அதே ஏற்பி எதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும். கட்டிக்கு அது வசதிதானே! அதனால்தான் எச்2 ஏற்பியை அடைக்கும் சிமெட்டிடினை ஆராய்ந்தார்கள். சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தந்தன. ஆனாலும் அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. தும்மலுக்கு விழுங்கும் லோராடடின் எச்1 ஏற்பிக்கானது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம், கம்போங் மருந்துப் (நாட்டு மருந்து) பொட்டலம் உட்பட, ஒரே பையில் போட்டுப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சிமெட்டிடின் கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் இரத்தத்தில் கூடிவிடும். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபுளோரோயுராசில் மருந்தின் அளவும் உயரக்கூடும். காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

மீன் பற்றியும் கேட்பார்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் பெருகும், வேகவைத்தாலும் போகாது. அது உணவு நஞ்சு. புற்றுநோயோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் 50 வயதிலிருந்து மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். நோயாளியின் பிள்ளைகளோ அந்த வயதுவரை காத்திராமல், கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) எப்போது தேவை என்று இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.