சென்னை வீட்டில் பெரிய அக்ரிலிக் பவளத் தொட்டி அமைப்பது எப்படி?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். கடல்நீர், பாறை, மணல், அடியில் வைக்கும் சம்ப் தொட்டி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னை எட்டிவிடும். குடியிருப்புத் தளங்களுக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியக் கட்டுமானத் தரநிலை கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் இறங்குகிறது. ஆகவே அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்கள் தொட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்து வந்து, பீம் எங்கே ஓடுகிறது, தூண் எங்கே நிற்கிறது என்று பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். கூடத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து, பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி வைப்பதே பொதுவாகப் பொருத்தமானது. நேர் வெயில் விழும் சன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது.

அக்ரிலிக் என்பது ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக்; கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. அதன் மூட்டுகள் கரைப்பானால் உருகி ஒன்றாகிவிடுவதால், சிலிக்கான் ஒட்டுப் போல நாளடைவில் பிரிந்து வருவதில்லை. ஆனால் அது வளையும் பொருள். இரண்டடி உயரத்துக்கு 19 மி.மீ. தடிமனுள்ள வார்ப்பு அக்ரிலிக்கையே கேட்டு வாங்குங்கள். மேல் விளிம்பைச் சுற்றிலும் அகலமான பட்டை வைத்து இறுக்கியிருக்க வேண்டும். நான்கு ஓரங்கள் மட்டும் ஸ்டாண்டில் அமர்ந்திருந்தால் அடித்தகடு கீழ்நோக்கித் தொய்ந்து மூட்டு விரிசல் விடும். ஆகவே அடிப்பரப்பு முழுவதும் படியும்படி 19 மி.மீ. மரைன் பிளைவுட்டும், அதன்மேல் சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்ய மெல்லிய ஃபோம் தாளும் வேண்டும். இரும்பு ஸ்டாண்டு என்றால் எபாக்சி பூச்சு கட்டாயம். தெறிக்கும் உப்புநீர் வெறும் இரும்பை விட்டுவைக்காது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு, சாதாரணத் தண்ணீரை நிரப்பி, சில நாட்கள் கசிவு உண்டா என்று கவனியுங்கள்.

தொட்டியின் உண்மையான இயந்திரம் கீழே இருக்கும் சம்ப்தான். பணத்தில் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதிக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலிருந்து வழியும் நீர் சம்புக்கு இறங்கி, நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரில் சுத்தமாகி, ரிட்டர்ன் பம்ப் வழியாக மேலே திரும்பும். இறங்கும் குழாய் இரண்டாக இருக்கட்டும். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது தாங்கும். மின்சாரம் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கும். அதைத் தடுக்க, குழாய் வாய்க்குச் சற்று மேலே, நீர்மட்டத்தை ஒட்டிச் சிறு துளை இட வேண்டும். உப்பு கரைப்பதற்கு முன்பே பம்பை நிறுத்திப் பாருங்கள்: மேலே நீர் இறங்குவது நிற்கும்போது சம்பில் விளிம்புக்குக் கீழே குறைந்தது இரண்டு அங்குலமாவது மீதமிருக்க வேண்டும். மின்இணைப்புகள் அனைத்தும், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே வர வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறினால், வயர் வழியே வழியும் நீர் பிளக்கைத் தொடாமல் சொட்டிவிடும்.

நம் ஊரில் இந்தத் தொட்டியின் பெரும்பகை வெப்பம். பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், அவற்றின் திசுவுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி இப்படிப் பெருமளவில் வெளுத்தது. சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் நிற்கும் தொட்டியின் நிலையை இதிலிருந்தே ஊகிக்கலாம். மேலே சொன்ன அளவுக்கு நீரைக் குளிர்விக்கும் அரைக் குதிரைத்திறன் சில்லர் வேண்டியிருக்கும். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேயே கக்கும் என்பதால், அதைப் பால்கனிப் பக்கம் வைத்துக் குழாயை நீட்டுவது நல்லது. மின்வெட்டின்போது முதலில் குறைவது ஆக்சிஜன்தான். ஆகவே நீரைக் கலக்கி அலை எழுப்பும் வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரிலோ தனி பேட்டரியிலோ இணைத்துவிடுங்கள்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று மெரினாவில் நீர் எடுத்து வராதீர்கள்; கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. கடற்கரை மணலும் ஆகாது. சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட் மணலையே வாங்க வேண்டும். போர்வெல் நீரோ லாரி நீரோ எதுவானாலும், ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்ச அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசின் குடுவையும் கடந்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். 680 லிட்டருக்குச் பவளத் தொட்டிகளுக்கென்றே விற்கும் ரீஃப் உப்பு சுமார் 25 கிலோ தேவைப்படும். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.025 அல்லது 1.026 இருக்கட்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே அன்றாடம் குறையும் அளவை உப்பில்லாத டி.ஐ. நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். தானியங்கி நிரப்பி இருந்தால் வெளியூர் போகும்போது கவலை இல்லை.

எதை உள்ளே விடுவது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவை 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் இவற்றைத் தொடாதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானதற்கு முன்பு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டியதால் பட்ட காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நுண்ணுயிர்கள் குடியிருக்க, கடலிலிருந்து பெயர்த்த 'லைவ் ராக்' பாறையும் வேண்டாம்; பீங்கானில் செய்த உலர்பாறை சற்று விலை கூடுதலானாலும் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பாறையை மணலுக்கு மேல் வைக்காமல், அடித்தகட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் கட்டம் விரித்து அதில் நிறுத்தி, எபாக்சியால் பிணைத்து, அதன் பிறகே மணலைக் கொட்டுங்கள். மணலில் வளை தோண்டும் மீன் பாறையைச் சரித்தால் அக்ரிலிக் சுவர்தான் அடி வாங்கும்.

உலர்பாறையில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியம் குளோரைடு சிறிது சேர்த்து, அம்மோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறுவதைச் சோதனைக் கிட்டில் பின்தொடருங்கள். முதல் இரண்டும் பூஜ்யத்தில் நிலைத்த பிறகே நத்தைகளை விடலாம். அடுத்து கோமாளி மீன். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதை இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். அதையும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து பிறகு சேருங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கான தாமிர மருந்து, முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு. பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விழக் கூடாது. பவளங்களில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் ஆகிய மென்வகைகளே தொடக்கத்துக்கு உகந்தவை. நம் சட்டச் சூழலுக்கும் அவையே பொருந்தும். விளக்கை முதலில் குறைந்த ஒளியில் வைத்துச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். அல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) அதற்குரிய டி.கே.எச். அளவில் 8 முதல் 9, கால்சியம் 420, மக்னீசியம் 1300 பி.பி.எம். என்பன நல்ல இலக்குகள். எண்ணைத் துரத்துவதைவிட அது ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம்.

பராமரிப்பில் அக்ரிலிக்குக்கு மட்டுமே உரிய கவனம் ஒன்று உண்டு. காந்தத் துடைப்பானை மணல் மட்டம்வரை இறக்கினால் ஒரே ஒரு மணல் துகள் அதனடியில் சிக்கி, ஒரே இழுப்பில் நீண்ட கோடு கிழித்துவிடும். ஆகவே மணலுக்கு மேல் மூன்று அங்குலத்தில் காந்தத்தை நிறுத்தி, மீதியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழியுங்கள். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி இறுகும் முன் வாரம் ஒருமுறை துடைப்பது அவசியம். பாசி தின்னும் என்று கடல் முள்ளெலியை விட்டால் அது அக்ரிலிக்கையும் சேர்த்துச் சுரண்டும். வெளிப்புறத்தில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவம் படக் கூடாது. ஈர மைக்ரோஃபைபர் துணி போதும். விழுந்துவிட்ட கீறலை, பொடி உப்புத்தாளைப் படிப்படியாக நுண்மையாக்கித் தேய்த்து அகற்றலாம். தண்ணீரை இறக்காமலே செய்வதற்கான கிட்டுகளும் கிடைக்கின்றன. இரண்டு வாரத்துக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது, புதிய நீரை முந்தின நாளே கரைத்து, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சம்ப் வழியாக மெல்லச் சேர்க்க வேண்டும்.