டக்ஸ்ஃபோர்ட் ஏர்ஷோ: பழைய போர் விமானங்களை நிதானமா பார்க்க ஒரு கைடு

இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு ஏர்ஷோன்னாலே ரெட் ஆரோஸ் ஜெட் டீம் கலர் புகை விட்டுட்டு போறதுதான் ஞாபகம் வரும். அதுக்கு ஏதாவது ஒரு கடற்கரை ஷோவே போதும். டக்ஸ்ஃபோர்ட் அப்படி இல்ல. கேம்பிரிட்ஜுக்கு தெற்கால, எம்11 ரோட்டை ஒட்டி இருக்கிற இந்த ஏர்ஃபீல்ட் முதல் உலகப்போர் காலத்துல ஆரம்பிச்சது, 1938 ஆகஸ்ட்ல ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதன்முதலா ஒரு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) கைக்கு வந்ததே இங்கதான், 1940-ல பைலட் டக்ளஸ் பேடர் தன்னோட ஹரிக்கேன் போர் விமானங்களோட இங்கேர்ந்துதான் சண்டைக்கு கிளம்பினார், 1943-க்கு அப்புறம் அமெரிக்கர்கள் வந்து தண்டர்போல்ட், மஸ்டாங்னு பறந்தாங்க. இப்ப இம்பீரியல் வார் மியூசியம் இதை பார்த்துக்குது. 80 வருஷத்துக்கு முந்தின விமானம் அது நிஜமா பறந்த அதே ஓடுபாதையிலேர்ந்து எழும்புறதை பார்க்கணும்னா இதைவிட நல்ல இடம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

முதல்ல டிக்கெட். ஷோ நாள் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைன்ல வாங்கிடுங்க, கேட்ல போய் பார்த்துக்கலாம்னு கிளம்பாதீங்க. வாங்கும்போதே ரெண்டு விஷயம் படிச்சிடுங்க: மழையால பறக்கிறது கேன்சல் ஆனா பணம் திரும்ப வருமா, பார்க்கிங் சேர்ந்து வருதா தனியா எடுக்கணுமா. விமானங்க பக்கத்துலயே நடந்து போய் பார்க்கிற ஃப்ளைட்லைன் வாக் அந்த ஷோவுக்கு இருந்தா, காசு ஜாஸ்தின்னு யோசிக்காம எடுத்துடுங்க. நான் இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, பழைய விமானத்தோட பாதி அழகு தரையிலதான் இருக்கு, வானத்துல போனதுக்கு அப்புறம் எல்லாம் சின்ன உருவமாயிடும்.

கார்ல வந்தா எம்11-ல ஜங்ஷன் 10. ஷோ நாள்ல அந்த ஜங்ஷன்லயே வரிசை நிக்கும், அதனால கேட் திறக்கிற நேரத்துக்கே வந்துடுற மாதிரி கிளம்புங்க. ட்ரெயின்னா லிவர்பூல் ஸ்ட்ரீட் – கேம்பிரிட்ஜ் லைன்ல விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வே ஸ்டேஷன். அங்கேர்ந்து நடக்கலாம், ஆனா சின்னப் பசங்களோ வயசானவங்களோ கூட இருந்தா வேண்டாம், டாக்சி முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. அன்னிக்கு பஸ் விடுறாங்களான்னும் பாத்துக்கோங்க.

பறக்கிறது பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும். காலையில வந்து என்ன பண்றதுன்னு கேக்காதீங்க, எனக்கு காலைதான் பிடிச்ச நேரம். மியூசியம் ஹேங்கர்கள் எல்லாம் திறந்திருக்கும். ஏர்ஸ்பேஸ் ஹேங்கர்ல கான்கார்ட் இருக்கு, லேன்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் இருக்கு. இன்னொரு கோடியில நார்மன் ஃபாஸ்டர் டிசைன் பண்ணின அமெரிக்கன் ஏர் மியூசியம், அதுக்குள்ள பி-52 குண்டுவீச்சு விமானம், எஸ்ஆர்-71 உளவு விமானம். ரெண்டுக்கும் நடுவுல நல்ல நடை, வசதியான ஷூ போட்டுக்கோங்க. பறக்கிறது ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டு, பாத்ரூம் போயிட்டு வந்து உக்காந்துடுங்க, கடைசி நேரத்துல எல்லா இடத்துலயும் க்யூ. சாப்பாடு வீட்லேர்ந்தே எடுத்துட்டு போங்க, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் மத்தியானம் வரைக்கும் கெடாம இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எஞ்சின் ஸ்டார்ட் பண்றதை தவற விடாதீங்க. ஸ்பிட்ஃபயர்ல இருக்கிறது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், 12 சிலிண்டர், 27 லிட்டர் (பின்னாடி வந்த மாடல்கள்ல கிரிஃபன்னு இன்னும் பெரிய எஞ்சின்). ப்ரொப்பெல்லர் முதல்ல தயங்கித் தயங்கி நாலஞ்சு பிளேடு சுத்தும், மூக்குக்கு பக்கவாட்டுல வரிசையா இருக்கிற எக்ஸாஸ்ட் குழாய்ல ஒண்ணுல மட்டும் புகை பக்குனு வரும், சில சமயம் ஒரு துண்டு நெருப்பும் வரும், அப்புறம் சட்டுனு எல்லா சிலிண்டரும் ஒண்ணா பிடிச்சு அந்த உறுமல் நெஞ்சுக்குள்ள கேக்கும். அப்புறம் அது ஓடுபாதைக்கு எப்படி போகுதுன்னு கவனிங்க, நேரா போகாது, இடதும் வலதுமா வளைஞ்சு வளைஞ்சு போகும், ஏன்னா வால் தரையில இருக்கு, நீளமான மூக்கு மேல தூக்கிட்டு இருக்கு, பைலட்டுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல பார்த்துதான் ஓட்டணும். ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது, ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில இருக்கிறதால தரையில போதுமான காத்து கிடைக்காம எஞ்சின் சூடேறிடும். இதெல்லாம் தெரிஞ்சு பார்த்தா அது தரையில ஓடுறதே ஒரு ஷோ.

வானத்துல அடையாளம் கண்டுபிடிக்க எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஸ்பிட்ஃபயர் இறக்கை முட்டை வடிவத்துல நுனியில குறுகிப் போகும், சில மாடல்ல மட்டும் நுனியை வெட்டியிருப்பாங்க. ஹரிக்கேனுக்கு இறக்கை தடிமன், முதுகு கூன் போட்ட மாதிரி, பின் உடம்பு துணி போர்த்தினது. பேட்டில் ஆஃப் பிரிட்டன்ல (1940-ல ஜெர்மன் விமானப்படையோட பிரிட்டன் வானத்துல நடந்த சண்டை) ஸ்பிட்ஃபயரை விட அதிக எதிரி விமானங்களை வீழ்த்தினது இந்த ஹரிக்கேன்தான், பேர் மட்டும் மத்ததுக்கு போயிடுச்சு, அதனால அது வரும்போது கொஞ்சம் கூடவே கை தட்டுங்க. மஸ்டாங் வேகமா கடக்கும்போது எஞ்சின் சத்தத்துக்கு மேல ஒரு விசில் கேக்கும். நாலு எஞ்சின் சத்தம் சேர்ந்து ஒரே ஹம்மா வந்தா லேன்காஸ்டர். உலகத்துல பறக்கிற நிலையில இருக்கிறது ரெண்டே ரெண்டு, ஒண்ணு இங்க ராயல் ஏர்ஃபோர்ஸ் கிட்ட, இன்னொண்ணு கனடாவுல.

கேட்டலினா பறக்கும் படகு (தண்ணியில இறங்கி ஏறுற விமானம்) வந்தா சென்னைக்காரங்க எழுந்து நின்னு பாருங்க. இந்த வகை விமானம் இரண்டாம் உலகப்போர்ல நம்ம செங்குன்றம் ஏரியில இறங்கி ஏறிட்டிருந்தது, ராயல் ஏர்ஃபோர்ஸுக்கு அங்க ஒரு தளமே இருந்தது. இலங்கைக்காரங்களுக்கும் சொந்தம் உண்டு: 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி கொக்கலையிலேர்ந்து போன ஒரு கேட்டலினாதான் ஜப்பான் கப்பற்படை இலங்கையை நோக்கி வர்றதை முதல்ல பார்த்து ரேடியோவுல சொன்னது, சொன்ன கையோட சுட்டு வீழ்த்திட்டாங்க. டக்ஸ்ஃபோர்டுக்கே கூட ஒரு மெட்ராஸ் தொடர்பு இருக்கு. 1940 மே மாசம் டன்கர்க் சண்டை நேரத்துல இங்க இருந்த 264-ஆம் நம்பர் ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்னு பேர், நம்ம மாகாணத்துலேர்ந்து போன போர் நிதிக்காக வச்சது. அவங்க ஓட்டினது டிஃபையன்ட், பைலட்டுக்கு முன்னாடி பார்த்து சுட துப்பாக்கியே கிடையாது, பின்னாடி ஒரு சுழலும் கூண்டுல இன்னொருத்தர் உக்காந்து சுடுவார். பசங்களை கூட்டிட்டு போறவங்க இதை அங்க வச்சே சொல்லுங்க, ஸ்கூல்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

உக்கார்ற இடம்: மடக்கு சேர் கொண்டு போங்க. கூட்டம் நிக்கிற பக்கத்துலேர்ந்து பார்த்தா ஓடுபாதை தெற்குப் பக்கமா இருக்கும், அதனால மதியம் முழுக்க வெயில் மூஞ்சியிலதான் அடிக்கும். தொப்பி, கூலிங் கிளாஸ், சன்ஸ்க்ரீன் மூணும் வேணும், கூடவே ஒரு ஜாக்கெட்டும், திறந்தவெளி காத்து ஜூலையிலயும் குளிரும். குடை வேண்டாம், பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கும், ரெயின்கோட் போதும்.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு ஷட்டர் ஸ்பீடை 1/1000-க்கு வச்சீங்கன்னா ப்ரொப்பெல்லர் அப்படியே உறைஞ்சு, பொம்மையை கயித்துல கட்டி தொங்கவிட்ட மாதிரி இருக்கும். 1/250 இல்ல அதுக்கும் கீழ இறக்கி, விமானத்தோடயே கேமராவை நகர்த்திக்கிட்டே எடுங்க, நிறைய மங்கலா வரும், ஆனா நல்லா வர்ற ஒண்ணு ரெண்டுல உயிர் இருக்கும். ஜெட்டுக்கு மட்டும் ஸ்பீடை ஏத்திக்கலாம். போன் மட்டும்தான் இருக்குன்னா தூரத்துல பறக்கிறதை துரத்தாதீங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுறதை வீடியோ எடுங்க. ட்ரோன் கொண்டு போகவே கூடாது.

குழந்தைங்களுக்கு காதுல மாட்டுற இயர் டிஃபென்டர் கண்டிப்பா வேணும். ஸ்பிட்ஃபயருக்காக இல்ல, நடுவுல டைஃபூன் மாதிரி ஜெட் வந்தா அந்த சத்தத்துல கைக்குழந்தை மிரண்டு போயிடும்.

ப்ரோக்ராம்ல போட்ட எல்லாமே பறக்கும்னு நம்பி போகாதீங்க. மேகம் தாழ்ந்திருந்தாலோ பக்கவாட்டுக் காத்து அதிகமா இருந்தாலோ பழைய விமானங்களை வெளியே எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் கூடாது. 2015-ல ஷோர்ஹாம் ஏர்ஷோவுல ஒரு ஹன்டர் ஜெட் ரோட்டுல விழுந்து 11 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் விதிகளை ரொம்ப கடுமையாக்கிட்டாங்க. அதனால விமானம் கொஞ்சம் தள்ளி பறக்குதே, இது வரலையேன்னு அங்க இருக்கிற வாலன்டியர்கள் கிட்ட கோபப்படாதீங்க. அவங்கள்ல நிறைய பேர் வருஷக்கணக்கா இந்த விமானங்களோட பழகினவங்க, ஒரு கேள்வி கேட்டா பத்து நிமிஷம் ஆசையா சொல்வாங்க.

கடைசி விமானம் இறங்கின உடனே காருக்கு ஓடாதீங்க, எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க, ஏ505 ரோடு அசையாது. ஒரு மணி நேரம் அங்கேயே இருங்க, ஃப்ளாஸ்க்ல டீ மிச்சம் இருந்தா குடிங்க. விமானங்களை கையால தள்ளி ஹேங்கருக்குள்ள கொண்டு போறதையும், எஞ்சினுக்கு கீழ ஒழுகுற ஆயிலுக்கு தட்டு வைக்கிறதையும் அப்ப பார்க்கலாம். ட்ரெயின்ல போறவங்க மட்டும் டாக்சி சொன்ன நேரத்தை பார்த்துக்கோங்க, ஞாயித்துக்கிழமைன்னா சர்வீஸ் குறைச்சலா இருக்கும், சில வாரம் வேலை நடக்குதுன்னு ட்ரெயினுக்கு பதிலா பஸ் விடுவாங்க, அதை முந்தின நாளே செக் பண்ணிடுங்க.