புயலுக்கு மறுநாள் தாலுகாவில் யார், எதை, எந்த வரிசையில் செய்வது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது நான் துணை தாசில்தார். அதற்கு முன் 2008 நிஷா வெள்ளத்தைக் கிராம நிர்வாக அலுவலராகப் பார்த்தவள். இனிமேல் பேரிடர் நேரத்தில் சில ஊர்களைச் சேர்த்துக் கவனிக்கும் மண்டலப் பொறுப்புக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். புயலுக்கு முன் செய்யவேண்டியது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். காற்று நின்ற பிறகு வரும் முதல் சில நாட்கள்தான் சிக்கல். மேட்டூர் திறந்தாலும் கடைமடை வயல் நனைந்த பிறகுதானே ஆற்றில் தண்ணீர் வந்தது என்கிறோம்? நிவாரணத்துக்கும் நான் வைத்திருக்கும் அளவு அதுதான்.

முதலில் தகவல். செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்ததும் போன் செத்துவிடும். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைக்கச் சொன்னால் எதில் அழைப்பார்கள்? அதனால் புயலுக்கு முந்தைய நாளே ஓர் ஏற்பாடு பேசி வைத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒவ்வொரு பிர்க்காவிலும் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) குறித்த ஓர் இடத்துக்கு தலையாரியோ வி.ஏ.ஓ.வோ (கிராம நிர்வாக அலுவலர்) பைக்கிலோ நடந்தோ வந்து சேர வேண்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டு. இறப்பு, காயம், முகாமில் எத்தனை பேர், குடிதண்ணீர் உண்டா, எந்த இடத்தில் வழி அடைத்திருக்கிறது, நிறைமாத கர்ப்பிணியோ டயாலிசிஸ் செய்துகொள்பவரோ இருக்கிறாரா. இவ்வளவு போதும். அவசரமென்றால் பக்கத்து ஸ்டேஷன் வயர்லெஸ் வழியாக தாலுகாவுக்குச் சொல்லிவிடலாம். சீட்டு வராத ஊரை 'பிரச்சினை இல்லாத ஊர்' என்று எழுதிவிடாதீர்கள். அங்கிருந்து ஆளே வர முடியவில்லை என்று பொருள். முதல் வண்டி அங்கேதான் போக வேண்டும்.

அடுத்தது சாலை. ஜே.சி.பி.யும் மரம் அறுக்கும் மெஷினும் எத்தனை வந்தாலும் போதாது. ஆஸ்பத்திரி, துணைமின் நிலையம், முகாம், அப்புறம் கோடியில் இருக்கும் ஊர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பெரியவர்கள் பார்வையிட வரும் பாதையை முதலில் சரிசெய்யச் சொல்லி அழுத்தம் வரும். வரிசையை போர்டில் எழுதி தாசில்தார் கையெழுத்தோடு வைத்துவிட்டால் மறுத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். கம்பி சிக்கிய மரத்தை, லைன் ஆஃப் என்று மின்வாரியத்து ஆள் நேரில் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கேரளா, ஆந்திராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து முழங்கால் சேற்றில் நின்று நட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை இணைத்தால் கரண்ட் திரும்பி லைனில் ஏறும். கம்பத்தின் மேல் இருப்பவரைக் கொன்றுவிடும். தெருத்தெருவாக வண்டியில் மைக் கட்டிச் சொல்லுங்கள். நமக்காக வந்தவரின் உயிர் அது.

தண்ணீர் விஷயத்தில் நிறைய பேர் லாரியை நம்புகிறார்கள். ஊரில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்ட் மட்டும்தான் இல்லை. ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, ஊருக்கு இரண்டு மணி நேரம் என்று சுற்றவிட்டால் ஒரே நாளில் ஐந்தாறு ஊருக்குத் தொட்டி நிறையும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நேரம் தெரிந்தால் சண்டை வராது. ஏற்றுவதற்கு முன் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். இத்தனைக்கும் டீசல் வேண்டும். கரண்ட் இல்லாத பங்கில் டீசல் எடுக்க முடியாது. ஆகவே முதல் ஜெனரேட்டர் போக வேண்டிய இடம் பெட்ரோல் பங்க். இதை மறந்தால் மற்ற எல்லாமே நின்றுபோகும்.

தினமும் மாலைக் கூட்டம் அரை மணி நேரம்தான். வருவாய், மின்வாரியம், நீர்வளம், நெடுஞ்சாலை, சுகாதாரம், கால்நடை, வேளாண்மை, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), போலீஸ், தீயணைப்பு எல்லாரும் நின்றபடியே பேசினால் சீக்கிரம் முடியும். நாளை எந்த வண்டி எந்த ஊருக்கு என்று மட்டும் முடிவாக வேண்டும். செத்த மாடுகளைப் புதைக்கும் இடம்கூட இங்கே குறித்துக்கொள்ளுங்கள், கிணற்றிலிருந்து தள்ளியே.

வயலில் தேங்கிய தண்ணீருக்கு நீர்வளத் துறையோடு ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வையுங்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கடைமடை சட்ரஸை (வாய்க்கால் நீர் கடலுக்கு வடியும் இடத்துக் கதவை) திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வடியும் நேரம் பார்த்துத்தான் திறக்க வேண்டும். அந்த நேரம் மீனவர்களுக்கு அத்துப்படி, அவர்களைக் கேளுங்கள். மதகில் அடைத்த ஆகாயத்தாமரையை அள்ள ஒரு ஜே.சி.பி.யை ஒதுக்காவிட்டால் மேல ஊர்க்காரர் கரையை வெட்டுவார், கீழ ஊர் மூழ்கும்.

வெளியூரிலிருந்து அன்போடு வரும் லாரிகளை அப்படியே உள்ளே விட்டால் எல்லாம் மெயின் ரோட்டு ஊர்களிலேயே இறங்கிவிடும், உள்ளே இருப்பவர்கள் மறியலுக்கு வருவார்கள். கஜாவில் அதைத்தான் பார்த்தோம். பசித்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? தாலுகா எல்லையில் ஒரு மேசை போட்டு, ஊர்ப்பெயர் எழுதிய சீட்டும் கூடப்போக ஒரு தலையாரியும் கொடுத்து அனுப்புங்கள். ஊர்ப்பெயர் மட்டும் எழுதினால் வண்டி பெரிய தெருவிலேயே காலியாகிவிடும். காலனி, மீனவர் தெரு, வாய்க்கால் கரைக் குடிசைகள் என்று குடியிருப்பு வாரியாக எழுதி, காலனியில் இறக்குவதை முதலில் வையுங்கள். என்ன கொண்டு வரலாம் என்று கேட்பவர்களிடம் தார்ப்பாய், கயிறு, கொசுவத்தி, மெழுகுவத்தி, நாப்கின், பால் பவுடர் என்று சொல்லுங்கள். பழைய துணி வேண்டாம். முகாமில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வெளிச்சமும் உண்டா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ராத்திரி போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் கணக்கெடுப்பு. மனக்கசப்பு அதிகம் வருவது இதில்தான். பயிருக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்பதால், வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்தே வயலில் இறங்க வேண்டும். கஜாவில் தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். மரத்தை அறுத்து எடுத்தபின் போனால் எதை எண்ணுவது? அகற்றுவதற்கு முன் படம் எடுத்து வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். பட்டாவில் சாமி பெயர் இருக்கும், சேற்றில் நிற்பவர் குத்தகைக்காரர். அடங்கலில் (கிராமத்துப் பயிர்க் கணக்குப் பதிவேடு) சாகுபடி செய்பவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அக்கம்பக்கத்து வயல்காரர்களை விசாரித்து எழுதுங்கள். புறம்போக்கில் குடிசை போட்டவருக்கும் கூரை போனது போனதுதான், அவர் பெயரும் ஏற வேண்டும்.

பட்டியல் தயாரானதும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, விட்டுப்போனவர்கள் மனு கொடுக்க மூன்று நாள் கொடுங்கள். அந்த மூன்று நாளும் அதே இடத்தில் நனைந்துபோன ரேஷன் கார்டு, பட்டா நகலுக்கும் ஒரு மேசை போட்டுவிட்டால், கூலி வேலைக்குப் போகிறவர் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம்.