டிராக்டரில் டிரெய்லர் மாட்டினால் பிரேக் பெடலைக் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள்

டிரெய்லரை மாட்டி ரோட்டில் ஏறும் முன், டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் அதிலேயே இருக்கும் கொக்கியால் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். கரும்பு லோடு இருந்தாலும் வெறும் வண்டியானாலும் இதைச் செய்ய ஒரு நொடிதான் ஆகும்.

இடது பெடல் இடது பின்சக்கரத்தையும், வலது பெடல் வலது பின்சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும். ரோட்டில் அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் விழுந்தால் வண்டி அந்தப் பக்கமே வெட்டி இழுக்கும். அந்த நேரம் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழும். திம்பம் மலைப்பாதை மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கத்தில் இதற்கு மன்னிப்பே கிடையாது. அங்கே நியூட்ரலில் விடாமல், கிளட்சையும் மிதித்தபடி வராமல், இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள்.

பெடல்களின் ஆட்டம், அதாவது பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இரண்டிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் கொக்கி போட்டும் பயனில்லை. லோடு ஏற்றும் முன் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் மெக்கானிக்கிடம் சரிசெய்யுங்கள்.

காட்டுக்குள் உழவு ஓட்டும்போது இந்தக் குறிப்பு பொருந்தாது. வரப்போரம் சட்டென்று திருப்ப ஒற்றைப் பெடல் வேண்டும், அங்கே கொக்கியைக் கழற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்து ரோட்டுக்கு வரும்போது மறுபடி மாட்டத்தான் பலருக்கும் மறந்துபோகிறது.