இருபதடி அகல மனையில் வீட்டுக்காரரின் ஆசைகளைப் பொருத்துவது எப்படி?

படிப்பை முடித்துவிட்டு முதல் வீட்டுக்குப் பிளான் வரைய உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, நான் வரைந்த ஒரு சின்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். மேற்குப் பார்த்த மனை. அகலம் 20 அடி, ஆழம் 45 அடி, மொத்தம் 900 சதுர அடி. இரண்டு சென்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் மனை. வீட்டுக்காரர் கேட்டவை: மூன்று படுக்கையறை, கார் நிறுத்த இடம், பூஜையறை, வாஸ்து. எண்பது வயது அம்மாவுக்குக் கீழ்த்தளத்திலேயே அறை வேண்டும்.

முதல் படி: பட்டியலை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்

ஒவ்வொன்றுக்கும் "யாருக்கு, எப்போது?" என்று கேளுங்கள். மூன்றாவது படுக்கையறை பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்காம். அவர் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கார் எந்த வண்டி என்று கேட்டபோது கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் இன்னும் வாங்கவில்லை. அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "தெரு தெரிய வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டின் பிளானைத் தீர்மானித்தது அந்த மூன்று சொற்கள்தான். எனவே வீட்டில் உள்ள எல்லோரிடமும் பேசுங்கள், முக்கியமாகச் சமையல் செய்பவரிடமும் வயதானவரிடமும். பணம் தருகிறவர் மட்டும் பேசினால் பாதி வீடுதான் தெரியும்.

இரண்டாம் படி: உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்ன சொல்கிறது என்று பார்த்து, நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை முதலில் கழியுங்கள். சாலையின் அகலத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்து அது மாறும் என்பதால், உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்கு எஞ்சியது 15 அடி அகலம், 36 அடி ஆழம். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒன்றரை அடி. ஆக, உள்ளே கிடைப்பது 13 அடி 6 அங்குலம்தான். வீட்டுக்காரரிடம் பேசும்போது இந்த உள் அளவையே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மாடிப்படியை முதலில் வரையுங்கள்

அறைகளை வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் படியைத் திணித்தால் அது ஏணியாகிவிடும். தரைக்கும் மாடித் தரைக்கும் இடையே 10 அடி, அதாவது 120 அங்குலம். அதை 18 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு படியின் உயரமும் ஏழு அங்குலத்துக்குள் அடங்கும். மிதிக்கும் அகலம் 10 அங்குலம். பாதியில் திரும்பும் படியாக வைத்தால், ஒரு பக்கத்துக்கு எட்டு மிதிகளும், ஒன்பதாவது மிதியாக வரும் 3 அடி லேண்டிங்கும் (நின்று திரும்பும் மேடை) சேர்ந்து 9 அடி 8 அங்குலம். இதை நீளவாக்கில் போட்டால் வீட்டின் நடுப்பகுதியையே விழுங்கிவிடும். குறுக்கே திருப்பினோம். ஆழத்தில் ஆறரை அடி மட்டுமே போனது. பக்கத்தில் 3 அடி 10 அங்குலம் நடைக்கு மிஞ்சியது. படிக்கு மேலே கூரையை உயர்த்தி, கண்ணாடியும் வென்டிலேட்டரும் வைத்தோம். மூன்று பக்கமும் வீடுகள் நெருக்கும் மனையில், நடுவீட்டுக்கு வெளிச்சம் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. சூடான காற்றும் அதன் வழியே மேலேறி வெளியேறிவிடுகிறது. பழைய வீடுகளில் முற்றம் பார்த்த வேலையை இங்கே மாடிப்படி பார்க்கிறது.

நான்காம் படி: முட்டிக்கொள்ளும் இரண்டு ஆசைகளை எதிரெதிரே வையுங்கள்

கீழ்த்தளத்தின் முன்பக்கத்தில் காரோ அம்மாவின் அறையோ, ஒன்றுதான் நிற்கும். இல்லாத காருக்காக இருக்கிற அம்மாவை உள்ளே தள்ளுவதா? முன்பக்கத் தென்பகுதியை, அதாவது தெருவைப் பார்த்த கன்னி மூலையை (தென்மேற்கு), அம்மாவின் அறையாக்கினோம். வடக்கு ஓரமாக வாசல் நடை. அந்த அறையின் முன்சுவர் பில்லர்களுக்கு நடுவே நிற்கும் வெறும் தடுப்புச் சுவர்தான். எப்போதாவது அதை உடைத்தாலும் மேலே உள்ள பாரத்துக்கு ஒன்றும் ஆகாது. முன்னால் உள்ள 5 அடி வெற்றிடத்தையும் அறையின் 11 அடியையும் சேர்த்தால், 13 அடி நீளமுள்ள சின்னக் கார் தாராளமாக நிற்கும். அதற்காகத் தரை மட்டத்தையும் சரிவையும் இப்போதே கணக்கிட்டு வைத்தோம். அம்மாவின் கழிவறைக் கதவை 3 அடி அகலத்தில், வாசற்படி இல்லாமல் வைத்தோம். மகனின் அறைக்குப் பதிலாக மாடியில் ஓர் அகலமான கூடம்.

வாஸ்து பற்றி ஒரு சொல். நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதோ இல்லையோ, வாதாடாதீர்கள். வீட்டுக்காரர் நம்பும் வாஸ்துக்காரரிடம் பென்சில் கோட்டோடு இருக்கும்போதே காட்டிவிடுங்கள். பிளான் முடிந்த பிறகு அவர் வந்தால் உங்கள் ஒரு மாத உழைப்பு போய்விடும். நான் அம்மாவின் அறையை 9 அடி அகலத்தில் வரைந்திருந்தேன். மனையடி சாஸ்திரப்படி ஒன்பது ஆகாது, எட்டு ஆகும் என்றார்கள். ஓர் அடி குறைத்தேன். வாசல் நடை ஓர் அடி அகலமாயிற்று. உண்மையைச் சொன்னால், அது எனக்கே பிடித்திருந்தது.

ஐந்தாம் படி: வெயில்

மேற்கு வெயில் மாலையில் தாழ்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். அதனால் மாடிப் படுக்கையறையில் மேற்குச் சுவரோரம் அலமாரியை வைத்து, ஜன்னலைத் தெற்கே மாற்றினோம். தெற்கு வெயிலைத் தடுக்க இரண்டடி சன்ஷேடு போதும். கீழே அம்மாவுக்குத் தெரு தெரிய வேண்டுமே! அங்கே ஜன்னலை மூட முடியாது. மேலே பால்கனியை நீட்டி, ஜன்னலின் இருபுறமும் செங்குத்தான தடுப்புகளை வைத்தோம்.

ஆறாம் படி: தரையில் வரைந்து காட்டுங்கள்

பெரும்பாலானோருக்குப் பிளானைப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்கள். மேஸ்திரியை அழைத்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் மனையிலேயே முழு அளவில் கோடு போடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் நாற்காலிகளைப் போட்டு அவர்களை நடக்கவிடுங்கள். "இவ்வளவு சின்னதா?" என்று நிச்சயம் கேட்பார்கள். சுவர் எழும்பாத வெட்டவெளியில் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே ஒப்புக்கொண்ட மாற்றங்களை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்குப் போட்ட கோட்டுக்குள் நடந்தபோதுதான் வீட்டுக்கார அம்மையார் நின்று, "வாஷிங் மெஷின் எங்கே?" என்றார். யாருமே அதை யோசித்திருக்கவில்லை. லேண்டிங்குக்கு அடியில் நாலரை அடி உயரம் இருந்தது. அங்கே ஒரு தண்ணீர்க் குழாயும் வடிகாலும் 15 ஆம்பியர் பாயிண்டும் வரைந்துகொண்டேன்.