கணினிக் கணுக்கால் போட்டு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டிக்குக் கீழே காலை எடுத்தவர்களுக்கு நடை பழக்குவது என் வேலை. மோட்டாரும் சென்சாரும் வைத்த செயற்கைக் கணுக்காலை, அதாவது கணினிக் கணுக்காலை, முதல்முறை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இனிமே எல்லாத்தையும் இதுவே பாத்துக்கும்ல?" ஆசையோடு கேட்கிற அந்த முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்வது கஷ்டம். ஆனால் சொல்லியாக வேண்டும். பிறகு வருகிற தவறுகளில் பாதி அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன.

இந்தக் கணுக்காலுக்குக் கண் கிடையாது. எதிரே மேடு வருகிறதா, படி வருகிறதா என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் சென்சார்கள் சாய்வையும் வேகத்தையும் பாரத்தையும் அளக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே ஊன்றி எடுத்த அடியை வைத்து, அடுத்த அடிக்கு எந்தக் கோணம், எவ்வளவு இறுக்கம் என்று முடிவு செய்கின்றன. பல மாடல்கள் சரிவை உணர்ந்து மாற ஓரிரு அடி ஆகும். அதனால் சரிவில் வைக்கும் முதல் அடி எப்போதும் உங்களுடையதுதான். மருத்துவமனை ரேம்பிலோ மேம்பாலத்து நடைபாதையிலோ இறங்கும்போது முதல் இரண்டு அடியைச் சிறியதாக, நிதானமாக வையுங்கள். இறக்கம் முடிந்து சமதரை வரும் இடத்திலும் அப்படியே. அங்கே பாதம் இன்னும் இறக்கத்தின் கோணத்தில்தான் இருக்கும். தடுமாறி விழுபவர்கள் பெரும்பாலும் சரிவின் நடுவில் விழுவதில்லை, தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் விழுகிறார்கள்.

கணினிக் கணுக்கால் எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஐஸ்லாந்தின் ஓசூர் நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த புரோப்ரியோ ஃபுட், கால் காற்றில் இருக்கும்போது மோட்டாரால் முன்பாதத்தைத் தூக்கும், சரிவுக்கேற்பக் கோணம் மாறும். ஆனால் உங்களை முன்னே தள்ளாது. பிரிட்டனின் பிளாட்ச்ஃபோர்ட் நிறுவனம் செய்யும் எலான், ஹைட்ராலிக் எண்ணெயின் தடையைக் கூட்டிக் குறைத்து, இறக்கத்தில் பிரேக் போலப் பிடித்துக்கொடுக்கும். தரையை உதைத்துத் தள்ளும் விசையை மோட்டாரே தருவது மூன்றாவது வகை. 1982-இல் மலையேற்றத்தின்போது பனியில் சிக்கி இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே இழந்த ஹியூ ஹெர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது அது. பின்னர் எம்பவர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாமல், யாரோ வீடியோவில் மலை ஏறுவதைப் பார்த்து "என் கால் ஏன் தள்ளவில்லை" என்று ஏங்கி, காலைக் குறை சொல்லி மூலையில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சாக்கெட்டை மறப்பது

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். கணுக்கால் எத்தனை லட்சமாக இருந்தாலும், உங்கள் உடம்போடு அது பேசுவது சாக்கெட் வழியாக, அதாவது மீதிக் காலை உள்ளே நுழைக்கும் கூடு வழியாக மட்டுமே. ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிஞ்சிய கால், நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் இறுக்கமாக இருக்கும், மதியத்துக்கு மேல் சுருங்கும். ஆபரேஷன் முடிந்த முதல் ஒன்றரை வருடத்தில் இந்த மாற்றம் இன்னும் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் நடுவிலேயே வித்தியாசம் தெரியும்.

சுருங்கியதும் ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும். முட்டிச் சில்லுக்கு அடியில் அழுத்தும், முன்னெலும்பின் நுனி கீழே இடிக்கும். கணினிக் கணுக்கால் சாதாரணப் பாதத்தைவிடக் கனம், அதுவும் காலின் நுனியில் தொங்குகிற கனம். கொஞ்சம் தளர்ந்தாலும் ஒவ்வொரு அடியிலும் கால் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். பாதம் தரையைத் தொடும் நேரம் தள்ளிப்போகும். சென்சாருக்குத் தளர்ந்த சாக்கெட் தெரியாது, அதை உங்கள் நடையாகவே எடுத்துக்கொள்ளும். "கணுக்கால் ரிப்பேர்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இன்று ஸ்டம்பின் மேல் எத்தனை சாக்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

அதனால் எங்கே போனாலும் பையில் ஒரு பிளை, மூன்று பிளை சாக்ஸ் இருக்கட்டும் (பிளை என்பது சாக்ஸின் தடிமன் கணக்கு). தளர்ந்ததும் ஓரமாக உட்கார்ந்து, கழற்றி, ஒன்று சேர்த்து மாட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம். சாக்ஸ் மேல் சாக்ஸாக ஏறிக்கொண்டே போனால் சாக்கெட்டையே மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலைக் கழற்றி இருபது நிமிடமாகியும் மறையாத சிவப்பு இருந்தால் அன்று மறுபடி மாட்டாமல் பிராஸ்தெடிஸ்டை (செயற்கைக் காலைச் செய்து பொருத்துபவரை) பாருங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது

வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நம் வீடுகளில் இது தினமும் பத்து முறை நடக்கிறது. ஷூவின் குதிகால் பகுதி முன்பகுதியைவிட உயரம். அந்த உயரத்துக்குத்தான் காலை நேராக்கி வைத்திருப்பார்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் குதிகால் இறங்கி, கால் பின்பக்கம் சாயும். முட்டி பின்னால் தள்ளப்படும். சொந்த வீட்டுக் கூடத்தில் மேடு ஏறுவது போல இருக்கும். உயரமான குதிகால் போட்டால் நேர்மாறாக, முட்டி முன்னால் மடங்கப் பார்க்கும்.

சில கணுக்கால்களில் குதிகால் உயரத்தை மாற்ற வசதி உண்டு. நேராக நின்று பொத்தானை அழுத்தினால் புதிய உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். வசதி இருந்தும் பலர் அழுத்துவதில்லை, "நாலு எட்டுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நாலு எட்டுதான் வருடக்கணக்கில் முட்டியைத் தேய்க்கும். வசதி இல்லாத மாடல் என்றால், ஷூவின் அதே உயரத்தில் வீட்டுக்கென்று பின்வார் வைத்த ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். அதைப் பிடித்துக்கொள்ள அந்தப் பாதத்தில் விரல் இல்லை. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பாதத்தின் மேலுறை வழவழப்பானது. எண்ணெயும் தண்ணீரும் கலந்த கருங்கல் தரையில் வழுக்குவது உங்களுக்கு உணர்வாகத் தெரியாது. கூட வருபவரின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய நடையை விடாமல் இருப்பது

நல்ல காலில் நடக்கும்போது கட்டைவிரல் தரையைத் தாண்டுவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில்தான். அசையாத பாதம் போட்டவர்களுக்கு அந்த இடைவெளி கிடைக்காது. தட்டிவிடும் என்ற பயத்தில் இடுப்பைத் தூக்குவார்கள், காலை வெளியே வளைத்து வீசுவார்கள், நல்ல காலில் எக்குவார்கள். புதிய கணுக்கால் முன்பாதத்தைத் தானாகவே தூக்கிக் கொடுத்தாலும் உடம்பு அதை நம்பாது. பத்து வருடப் பழக்கம் ஒரு நாளில் போகாது. இடுப்பைத் தூக்கி நடந்துகொண்டே இருந்தால் முதுகுவலி குறையாது, செலவழித்த பணத்துக்குப் பலனும் இருக்காது. கண்ணாடி முன்னால் நடந்து பாருங்கள். நல்ல காலின் அடி குட்டையாக இருந்தால், செயற்கைக் காலின் மேல் முழு பாரத்தையும் போட இன்னும் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் போக ஆறு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

இதோடு சேர்ந்த தவறு, முதல் நாள் செட்டிங்கோடு வாழ்ந்துவிடுவது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பயந்து நடந்த நடைக்குச் செய்த செட்டிங், இரண்டு மாதம் கழித்துக் கடைத்தெருவில் நடப்பவருக்குப் பொருந்தாது. விசை தரும் கணுக்காலில் எடையும் வேகமும் மாறினால் மறுபடி அளவு பார்க்க வேண்டும். "ஃபுல் பவர் வையுங்க" என்று கேட்கவும் வேண்டாம். தேவைக்கு மேல் தள்ளினால் முட்டியும் இடுப்பும்தான் வாங்கிக்கொள்ளும்.

சார்ஜ் விஷயம் சுருக்கமாக: இரவில் மறக்காமல் போடுங்கள். பேட்டரி தீர்ந்தால் சில மாடல்கள் கடைசியாக இருந்த கோணத்திலேயே நின்றுவிடும். சார்ஜ் இறங்கும்போதே நேரான நிலைக்குக் கொண்டுவந்து அணைக்கப் பழகுங்கள். தண்ணீரில் எதுவரை போகலாம் என்பதைக் கையேட்டில் மட்டும் பாருங்கள், அடுத்தவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, பழைய காலை, குறிப்பாக ஜெய்ப்பூர் காலாக இருந்தால், தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1968-இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் சேற்றில் இறங்கவும் செய்யப்பட்ட ரப்பர் பாதம். கணினிக் கணுக்கால் குந்தி உட்காரும் அளவுக்கு மடங்காது, கட்டாயப்படுத்தினால் உடையலாம். வயலுக்கும், மழை நாளுக்கும், புதியது சர்வீசுக்குப் போயிருக்கும் இரண்டு வாரத்துக்கும் பழையதுதான் துணை. அதன் சாக்கெட்டும் பொருந்துகிறதா என்று மாதம் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அப்படியே நல்ல காலின் உள்ளங்காலையும் தினமும் பாருங்கள். சர்க்கரையால் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலில் வரும் சின்னக் கொப்புளம்கூட உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.